பெருமாளின் மாடும் என் புதுக் கண்ணும்

பெருமாளின் மாட்டை நான் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்... முழுவதையும் கேட்டால் இன்னும் நன்றாகத் துப்பத் தோன்றும்.

அன்று காலை நான் பார்த்தது சிவப்பாக ஏதோ ஒன்று. அது அசைந்தது. அதற்குக் கால்கள் இருந்ததாக எனக்கு ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான்! அதை வைத்துக்கொண்டு தோட்டத்துத் துரையிடம் போய், "ஏழாம் நம்பர் லயத்துப் பெருமாளோட செவப்பு மாடு, தொரசாணியம்மா பூப்பாத்தியில மேஞ்சிச்சுங்க. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றேன்.

ரெண்டு கண்ணாலும்! அந்த இரண்டு கண்களின் யோக்கியதை என்ன தெரியுமா?

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மலையில் நின்று ஆட்களை மேற்பார்ப்பது என் தொழில். ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் உலகம் எனக்கு மசித்த கிழங்கு. கண்ணாடி போட்டாலோ, எங்கள் ஊர்ப் பனி ஒரு நிமிஷத்தில் அதன் மேல் படிந்துவிடும். போட்டால் பனி தெரியும். கழற்றினால் ஒன்றும் தெரியாது. எனவே கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்களை இருமலாலும் நடையாலும் அடையாளம் கண்டு காலத்தை ஓட்டினேன். ஒருமுறை கருங்கல் ஒன்றை, "ஏன் குந்திக்கிட்டு இருக்க, எந்திரி!" என்று அதட்டியிருக்கிறேன். கல் எழுந்திருக்கவில்லை. அதன் திமிரை அன்று முழுவதும் பேசினேன்.

துரையின் மனைவி துரைசாணி அந்தப் பூக்களை நுவரெலியா மலர்க் கண்காட்சிக்காக வளர்த்தாள். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். மாடு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. துரை கொதித்தார். தோட்டத்தில் சிவப்பு மாடுகள் இரண்டுதான். ஒன்று பெருமாளுடையது. மற்றது என்னுடையது.

என் மாடு அப்படியெல்லாம் செய்யாது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மாடல்லவா!

பெருமாளின் மாடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்று துரை தீர்ப்புச் சொன்னார். பெருமாள் ஒத்துக்கொள்ளவில்லை. லயத்து ஒற்றையறை வீட்டில் அவன் கைக்குழந்தை அந்தப் பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

"மாடு கொட்டில்லதான் நின்னுச்சு தொர. ஏம் பொண்டாட்டி ராமாயிதான் கையால கட்டுனா."

அவனுக்காகத் தொழிற்சங்கத் தலைவர் சுப்பையா வந்தார். அவர் நாக்கு, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"தொர, கணக்கப்பிள்ளை ஐயா நல்ல மனுசன்தான். ஆனா கண்ணாடி இல்லாம போன வாரம் என்னையே பாத்து, 'என்னம்மா, புள்ளைக்குக் காச்ச சொகமா'ன்னு கேட்டாரு."

ஒபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? மீசை வைத்த தலைவரை அம்மா என்று கூப்பிட்டது உண்மைதான்.

துரை சிரிக்கவில்லை. தன் உடைந்த தமிழில் சொன்னார்: "நான் நுவரெலியா போய் வரும். வந்த பிறகு விசாரணை. கணக்கப்பிள்ளை கண்ணாடி இல்லாமே பார்க்கணும். பார்க்காட்டி... அப்போ மலையிலே குருடன் எதுக்கு?"

கணக்கப்பிள்ளைக்கு மேலான கண்டாக்கு வேலை எனக்குத்தான் என்று பேச்சிருந்த நேரம் அது. கண்டாக்கு போனால் போகட்டும்; இருக்கிற வேலையும் போய்விடுமே! அன்றே, 'பனியில் சரியாகத் தெரியவில்லை துரை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அந்தச் சிரிப்பு... அதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஹட்டனில் புடவைக் கடை வைத்திருந்த காசிம் நானாதான் வழி சொன்னார். "கொழும்புல கண்ணுக்குள்ளயே போடுற கண்ணாடி வந்திரிக்கி ஐயா. போட்டா போட்டவனுக்கே தெரியாதாம்."

கடைசி வாக்கியம் முழுப் பொய் என்பதைப் பிறகு அறிந்தேன்.

பெரியம்மா மகனுக்கு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை என்று மனைவி பாக்கியத்திடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். கொழும்புக் கோட்டையில் ஒரு மாடிக் கடை. வெள்ளைக் கோட்டுப் போட்ட யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், முகத்தை நீட்டி நாடியை ஓர் இரும்புத் தாங்கியில் வைக்கச் சொல்லி, என் கருவிழியின் வளைவை அளந்தார். கண்ணுக்கு வளைவு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நடிக்கிறனீங்களோ? இதை நடிகர்மார்தான் கூடுதலாக் கேட்கிறவை" என்றார்.

"ஆமாங்க... கொஞ்சம் நடிக்கணும்" என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது!

அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே மீன் செதில் போலச் சின்னச் சின்ன வில்லைகள். "உங்கட அளவு கையிருப்பிலேயே கிடக்கு. சாதாரணக் கண்தான்." எனக்கு ஏனோ கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? அவர் விரல் நுனியில் வில்லையோடு என் கண்ணை நோக்கி வந்தார். நான் நாற்காலியோடு பின்னால் போனேன். அவர் வந்தார். நான் போனேன். சுவர் வந்துவிட்டது.

"ஏன் கண்ணை மூடுறியள்?"

"நான் மூடலீங்க ஐயா. அதுவா மூடிக்குது."

"அப்ப அதுக்குச் சொல்லுங்கோ, நான் அடிக்கேல்லை எண்டு."

மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டார். இமைகளைப் பலாச்சுளை பிளப்பது போல் பிளந்தார். வில்லை உட்கார்ந்தது... ஐயோ! கண்ணுக்குள் யாரோ ஓர் உலக்கையை நட்டுவிட்டார்கள்! பிறகு மஞ்சள் சாயம் ஒன்றைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சம் அடித்து, "இது இறுக்கம்" என்றார். கழற்றினார். இன்னொன்று போட்டார். "இது வழுக்குது." கழற்றினார். மூன்றாவதைப் போட்டதும், "மேல பாருங்கோ... கீழ... இப்ப இமையுங்கோ... ம், இது உங்கட கண்ணுக்கெண்டே செய்தது" என்றார். என் சட்டைக் கழுத்து ஈரமாகும் அளவுக்கு அழுதிருந்தேன்.

முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார். அதில் தெரிந்த மீசையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அரை விரல் நீளம்! எத்தனை வருடமாக இப்படியே திரிந்திருக்கிறேன்... தோட்டத்தில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!

போடவும் கழற்றவும் அவரே பழக்கினார். "கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டுங்கோ. அவசரப்படாதேங்கோ." ஒன்றைக் கை தவறி அவருடைய தேநீர்க் கோப்பையில் போட்டேன். அவர் நிதானமாகக் கரண்டியால் எடுத்துக் கழுவித் தந்தார். மனுஷன் அந்தத் தேநீரைக் குடிக்கவும் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் என் கைக்குட்டையை விரித்துப் பிடித்தாள். முழுவதும் கண்ணில் இருந்து வடிந்த மஞ்சள்.

"யாரு மொகத்து மஞ்சங்க இது?"

கண்ணுக்குள் கண்ணாடி போட்டேன் என்றால் விடிவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அவள் எடுத்த விளக்குமாற்றுக்கு முதுகைக் காட்டினேன். செய்யாத தப்புக்கு அவளிடம் வாங்கிய அடி, செய்த தப்புக்கு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை!

பிறகு ஒவ்வொரு காலையும் கக்கூசுக்குள் நின்று வில்லைகளைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். இமை இடித்தால் உறுத்தும். அதனால் நாடியைத் தூக்கிக் கண்ணைப் பாதி மூடியே நடந்தேன். "கண்டாக்கு வேல கெடச்சிருச்சு போல. மூஞ்சி மானத்தப் பாக்குது" என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். முன்பு அவர்களின் சிரிப்பு மட்டும்தான் கேட்கும். இப்போது பல்லும் தெரிந்தது.

ஒரு நாள் துரையின் பங்களாவுக்குக் கீழே, சிவப்பாக ஏதோ கண்ட அன்று நான் நின்ற அதே வளைவில் நின்றேன். மேலே பார்த்தேன். என் வீடு தெரிந்தது. என் வேலி தெரிந்தது. வேலியில் ஒரு பெரிய பொத்தல் தெரிந்தது... அது அங்கே எத்தனை காலமாக இருந்ததோ! அந்தப் பொத்தலுக்குள் இருந்து ஒரு சிவப்புத் தலை வெளியே வந்தது. பிறகு உடம்பு. தினமும் வேலைக்குப் போகிற ஆள் மாதிரி அவசரமில்லாமல் தேயிலைக்கு நடுவே இறங்கி, நேராகத் துரைசாணியின் பூப்பாத்திக்குள் நுழைந்தது.

என் மாடு!

அது மிச்சமிருந்த தண்டைக் கடித்தபடி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தெளிவாகப் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அதை விரட்டி ஓட்டிவந்து, அன்று மாலையே வேலியை அடைத்தேன். இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அதுவரை நான் குருடன். குருடனை மன்னிக்கலாம். ஆனால் வேலியை அடைத்த கை யாருடையது? எல்லாம் தெரிந்த ஒருவனுடையது!

விசாரணை நாள். ஒபீஸ் வாசலில் துரை, தலைவர், தலைத்துண்டைக் கையில் சுருட்டியபடி பெருமாள். வேண்டுமென்றே மாட்டிவந்த என் பழைய கண்ணாடியைக் கழற்றி, ஒபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கரிடம் நீட்டினேன். ஒரு நடிகன் மாதிரி... ஆம், நடிகன் மாதிரியே.

துரை எதிர்மலையைக் காட்டினார். "அங்கே என்ன?"

"ஏழாம் நம்பர் லயம்ங்க. மூணாவது காம்பரா வீட்டு வாசல்ல ஒரு பொம்பள ஒக்காந்து தல வாருது. பச்ச சேல. பக்கத்துல ஒரு கோழி... இல்லீங்க, ரெண்டு கோழி."

சுப்பையாவின் வாய் திறந்தபடி நின்றது. "அது ஏஞ் சம்சாரங்க தொர. வேலைக்குப் போறேன்னு சொன்னாளே!"

எல்லோரும் சிரித்தார்கள். இம்முறை என்னைப் பார்த்து இல்லை. அந்தச் சிரிப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ சொன்னது. நான் அந்த இனிப்பைச் சப்பிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பெருமாள் பேசினான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"ஐயாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு தொர. அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு? ஏம் மாடாத்தான் இருக்கும். ராமாயி போட்ட கட்டு சரியில்ல போல."

கினிகத்தேனையில் இருந்து ஒரு வியாபாரி வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். அடுத்த நாள் காலை ராமாயி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நான் நல்லாத்தாங்க கட்டுனேன். இவரு நம்ப மாட்டேங்குறாரு. நெசமாவே அது எங்க மாடுதானுங்களா?"

பனிக்காற்று வில்லையில் பட்டு என் கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

"ஆமா ராமாயி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அழாதீங்க ஐயா! நீங்க என்ன செய்வீங்க? கண்ணால பாத்தத சொன்னீங்க."

அவள் என்னைத் தேற்றினாள்! மாட்டை இழந்தவள்... என்னை!

கண்டாக்கு வேலை கிடைத்தது. என் மாட்டுப் பாலில் பாதி தினமும் அந்தக் குழந்தைக்குப் போகிறது. என்னைத் தர்மவான் என்கிறார்கள். வில்லைகளையும் விட முடியவில்லை. கண்ணாடி இல்லாமலே எதிர்மலைக் கோழியை எண்ணிய மனிதன் திரும்பக் கண்ணாடி போட்டால் கேள்வி வராதா? எனவே தினமும் விடிந்ததும் அந்தப் பொய்யைக் கழுவி, இரண்டு கண்ணிலும் போட்டுக்கொள்கிறேன். உறுத்துகிறது. பழகிவிடும் என்றார் யாழ்ப்பாணத்து ஐயா. பழகவில்லை.

கூடை நிறைந்தால் மிச்சக் கொழுந்தைச் சாக்குத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள் பெண்கள். இப்போதெல்லாம் ராமாயியின் மூட்டையில் முடிச்சுக்கு மேல் முடிச்சு. நிறுக்கும் இடத்தில் அவிழ்க்க நேரமாகும். பின்னால் நிற்பவர்கள் பொறுக்க மாட்டார்கள். "என்னக்கா, கொழுந்துக்குத் தாலி கட்டிருக்கியா?" என்று சிரிப்பார்கள்.

அவள் சிரிப்பதில்லை. குனிந்து, நகத்தால், பல்லால், ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறாள். முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கிச் சரியாக் கட்டிருக்கேனுங்களா ஐயா?" என்று கேட்கிறாள். கேலியாக அல்ல. உண்மையாகவே கேட்கிறாள்.

"சரியாத்தான் கட்டிருக்க" என்கிறேன்.

அவள் நம்புவதில்லை. அடுத்த நாள் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிறாள்.