இரண்டே அடி

கோல்ஃப் ஆட்டத்தில் குறைவாக அடிக்கிறவர்தான் ஜெயித்தவர் என்பதை ஒன்பது வயதில் நானாகவே பார்த்துத் தெரிந்துகொண்டேன். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கடலோரமாக இருந்த ஒரு விடுதியில் அம்மா புல் வெட்டினாள். முழுப் பரீட்சை லீவில் என்னையும் கூட்டிப்போவாள். ஆறு குழிகள் கொண்ட சின்ன மைதானம் அங்கே இருந்தது.

சென்னையிலிருந்து வரும் விருந்தாளிகள் பந்தைத் தூரமாக அடிப்பதற்கென்றே பிறந்தவர்கள். அடித்துவிட்டு, பந்து போன திசையைவிடத் தங்களை யார் பார்க்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் பார்ப்பார்கள். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் அவர்களுக்குப் போதாத காலம். பந்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும், திரும்பவும் இந்தப் பக்கமே வரும்.

தூரமாக அடிக்க எனக்குப் பலமில்லை. அதனால் கிட்டத்திலேயே அடித்துப் பழகினேன். யாரோ தூக்கிப்போட்ட, கைப்பிடி பிய்ந்த மட்டை. குழிக்குப் பதில் அம்மாவின் சாப்பாட்டு டப்பா மூடி. மூடியைக் குறிவைத்துத் தூக்கி அடித்தால் பந்து தாண்டி ஓடியது. பாதி வழியில் விழவைத்தால் மிச்சத்தை அதுவே உருண்டு போய்ச் சேர்ந்தது. முதல் வாரம் ஐந்து அடி ஆனது. மே முடிவதற்குள் இரண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரம் தவறாமல் வரும் ஒரு பெரிய மனிதர் இதைப் பார்த்துவிட்டார். கூடவே நண்பர்கள்.

"ஏம்மா, என்கூட ஆடுறியா?"

அவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். நான் வேடிக்கைக்கு ஆடவில்லை. குழியைச் சுற்றியிருந்த புல்லின் ஓரத்திலிருந்து ஆளுக்கு மூன்று முறை. அவருக்கு நான்கு, மூன்று, ஐந்து. எனக்கு மூன்று முறையும் இரண்டே. நண்பர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு புல்லையெல்லாம் பேத்துட்டா, பாருங்க."

"அது நீங்க அடிச்ச எடம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

தூரத்தில் புல் வெட்டியபடியே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை மேனேஜர் வரவழைத்தார். "பொண்ண சார்கிட்ட சாரி சொல்லச் சொல்லு."

அம்மா கையில் அரிவாளோடு குனிந்து, இரண்டு பேர் அடித்த இடத்தையும் தடவிப் பார்த்தாள்.

"இத பேத்தது எம் பொண்ணு இல்லீங்க. ஜெயிச்சதுக்கா சாரி கேக்கணும்?"

"அப்ப நாளையிலருந்து நீ வரவேணாம்."

"சரிங்க."

இதை மேனேஜர் எதிர்பார்க்கவில்லை. "யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சிட்டேங்க."

அரிவாளை அவர் காலடியில் வைத்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, வேலையாட்கள் போகக்கூடாத முன்வாசல் வழியாகவே நடந்தாள். வாட்ச்மேன் ஒதுங்கி வழிவிட்டார்.

ரோட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அந்தாளு கடைசியா எத்தினி அடி அடிச்சாரு?"

"அஞ்சும்மா."

அம்மா நின்று, வாய்விட்டுச் சிரித்தாள்.

பஸ் வந்தது. ஏறவேண்டாம், நடந்தே போகலாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாளையிலிருந்து அம்மா பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனேன்.