உள்ளங்கைச் சீனி

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எஸ்தருக்கு 'நகைக்கடைக்காரி' என்று பட்டப்பெயர். பவுன் நிறுப்பதைப் போல அவள் சோறு நிறுப்பாள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதை நினைத்தால் இன்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் அவள். நான் அதே லயத்தில் அடுத்த அறை, அடுத்த காம்பராக்காரி. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. அவளுடைய ஒரே மகள் ஏஞ்சலினுக்கு ஆறு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. கடைசியில் கேகாலை கிளினிக்கில் மருந்தோடு ஒரு சாப்பாட்டு முறையையும் எழுதிக் கொடுத்தார்கள். சோறும் மாவும் பெயருக்கு மட்டும், சீனி அறவே கூடாது. மீதியெல்லாம் கொழுப்பு, அதிலும் முக்கியமாகத் தேங்காய் எண்ணெய், கட்டித் தேங்காய்ப்பால்.

அங்கே சிங்களத்தில் கேட்டு வந்ததை எஸ்தர் எனக்குத் தன் பாணியில் சொன்னாள்.

"மத்த எண்ணெயில இருக்கிற கொழுப்பு நெட்டைங்க அக்கா. ரோட்டைச் சுத்திக்கிட்டுதான் போகும். தேங்காயில நடுத்தரக் கொழுப்புதான் நெறைய. அது குறுக்குப் பாதையில நேரா ஈரலுக்குப் போயி, மூளைக்கு வெறகாயிருமாம். பட்டர், நெய்யிலயும் கொஞ்சூண்டு இருக்காம். ஆனா சீனி உள்ள போச்சுன்னா, ஒடம்பு இந்த வெறகை விட்டுட்டு அதை எரிக்கப் போயிருமாம்."

அன்றிலிருந்து தராசுதான் அவள் வீட்டு எஜமான். முட்டைப் பொரியலுக்கு எத்தனை கரண்டி எண்ணெய், கீரைக்கு எத்தனை கிராம் தேங்காய்ப்பால் என்று எழுதி வைத்துச் சமைத்தாள். விடியுமுன் பால் வெட்ட மலைக்குப் போகும்போது டப்பாவில் அடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பிள்ளை எழும்பியதும் நான் ஊட்டுவேன். ஐந்து மாதம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு அவள் புருஷன் ஸ்டீபன் கொழும்பிலிருந்து வந்தான். அங்கே ஹோட்டல் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து ஃபெக்டரியிலேயே சேர்ந்தான். வேலைக்கு ஏழரைக்குப் போனால் போதும் என்பதால், காலையில் பிள்ளையைப் பார்க்கிற பொறுப்பு அவன் கைக்குப் போனது. ஜனவரியில் ஒரே வாரத்தில் ஏஞ்சலினுக்கு இரண்டு தரம் வலிப்பு வந்தது.

எஸ்தர் நேரே எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். தனியே விடப் பயந்து நானும் போனேன். ருவான்வெல்லை பஜாரில் ஜஸீல் நானாவின் கடையில்தான் அவள் எண்ணெய் வாங்குவது.

"பாம் ஒயில் கலந்து குடுத்திருக்கீங்களே நானா! எம் புள்ள கைகால் வெட்டி இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு!"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கோ தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஜஸீல் நானா கோபப்படவில்லை. அவளுடைய எண்ணெயில் கொஞ்சம் ஒரு கிளாசிலும், கடையிலிருந்த பாம் ஒயில் கொஞ்சம் இன்னொரு கிளாசிலும் ஊற்றினார். இரண்டையும் ஃபிரிஜ் தண்ணீர் ஊற்றிய வாளிக்குள் வைத்தார்.

"கொஞ்சம் இருங்க புள்ள. இந்தக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் ஒறையும், பாம் ஒயில் ஒறையாது."

அரை மணித்தியாலத்தில் எஸ்தரின் கிளாஸ் வெள்ளைவெளேரென்று உறைந்தது. மற்றது தண்ணீராகவே இருந்தது. எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"புள்ளைக்கிச் சொகமாகட்டும். அதான் பெரிசு" என்றார் அவர். வேறு யாராவது என்றால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்.

மறுநாள் விடியற்காலை மழை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. ஆறரைக்கே திரும்பிவிட்ட எஸ்தர், தன் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். என்னவோ ஏதோவென்று நானும் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன்.

ஸ்டீபன் அடுப்படியில் குந்தியிருந்தான். எங்கள் ஆட்கள் பாலில்லாத வெறுந்தேத்தண்ணியில் சீனி கலக்க மாட்டார்கள். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்பார்கள். ஸ்டீபன் பாதிச் சீனியை மிச்சம் வைத்துக் கையை நீட்டியிருந்தான். ஏஞ்சலின் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தது.

எஸ்தரைக் கண்டதும் அவன் பதறினான். "தேத்தண்ணியில ஒரு மணி சீனி போடலியே எஸ்தர். நீ சொன்ன டப்பாச் சாப்பாட்டைத்தான் குடுக்குறேன். இது கையில ஒட்டுனதுதானே... தெனம் எங்கிட்ட இது ஒண்ணைத்தான் கேக்குது."

போச்சு, இன்றைக்கு லயமே அதிரப்போகிறது என்று நினைத்தேன். எஸ்தர் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டாள். தேங்காய் ஒன்றை உடைத்து, மெல்லிய கீற்றாகச் சீவினாள். தராசில் வைத்து, ஒன்றை எடுத்து, மறுபடி நிறுத்தாள்.

"இனிமே இதை வச்சுக் குடிங்க" என்று புருஷனின் உள்ளங்கையில் வைத்தாள். "இதுல புள்ளைக்கும் பாதி. நா நாளைய டப்பாக் கணக்குல கழிச்சுக்கிறேன்."

மறுநாள் மழை இல்லை. எஸ்தர் மலைக்குப் போய்விட்டாள். வேவு பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் அவர்கள் வாசலில் நின்றேன். ஸ்டீபன் தேத்தண்ணியும் தேங்காய்க் கீற்றுமாகக் குந்தியிருந்தான். ஏஞ்சலின் தூக்கக் கலக்கத்தோடு வந்து மணிக்கட்டைப் பிடித்தது. கீற்றை ஒதுக்கிவிட்டு உள்ளங்கையை நக்கியது. இனிப்பு இல்லை. இன்னொரு தரம் நக்கிப் பார்த்தது. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

ஸ்டீபன் சீனி டின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணீர் தாடையில் வழிய, கையை நீட்டியபடியே இருந்தான், பிள்ளை கீற்றை எடுத்துக் கடிக்கும்வரை.