வாலிபால் டீமும் ஐந்தாம் அத்தியாயமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மைதீன் பிச்சைக்கு, மகன் அகமது கபீர் கடைக்கு வராமல் கல்லூரி வாத்தியாரானதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. எண்பத்து நாலில், டாக்டர் பட்டத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட விஷயம் வாலிபால் என்று கேள்விப்பட்ட அன்றுதான் மனுஷர் முகம் சுண்டிப்போனது.

"பொருளாதாரம் படிச்சவன் பந்து பொறுக்கவா போற?"

"பந்தைப் பத்தி இல்ல அத்தா. மில்லுக்காரங்க எதுக்கு டீம் வச்சிருக்காங்க, அதனால யாருக்கு என்ன ஆதாயம்னு பாக்கப் போறேன்."

அப்போது ராஜபாளையத்துப் பஞ்சு மில்கள் சிலவற்றுக்குச் சொந்தமாக வாலிபால் டீம் இருந்தது. நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலை போட்டுக் கொடுப்பார்கள். கபீரோடு பள்ளிக்கூட டீமில் ஆடிய பால்பாண்டிக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர் கபீர், எகிறி அடிக்கிறவர் பால்பாண்டி. ஒருவர் கல்லூரிக்குப் போனார், மற்றவர் மில்லுக்குப் போனார்.

ராஜபாளையத்தில் கல்லூரி விட்டதும் கபீர் ஊருக்கு பஸ் ஏறாமல் மைதானத்துக்குப் போய்விடுவார். ஆட்டக்காரர்களோடு டீ குடிப்பார், வெளியூர் ஆட்டங்களுக்குப் பயணம் போவார். மில் ஆபீஸிலும் பால்பாண்டி சொல்லித்தான் கதவு திறந்தது. ஆறு வருஷத்தில் ஆராய்ச்சி முடிந்தது.

அவர் கண்டது இரண்டு விஷயம். டீம் ஜெயித்தால் பேப்பரில் மில்லின் பெயர் வரும். ஆனால் நூல் வாங்குகிற ஈரோட்டு வியாபாரி அதைப் பார்த்து வாங்குவதில்லை. இது ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம். ஐந்தாம் அத்தியாயம் ஆட்டக்காரர்களைப் பற்றியது. பிராக்டிஸுக்குப் போக வசதியாக அவர்களுக்கு லேசான வேலையாகவே கொடுத்தார்கள். அதனால் ஒருத்தரும் மிஷின் வேலை பழகவில்லை. முப்பது வயதுக்கு மேல் முழங்கால் போனதும், கூடச் சேர்ந்தவன் ஃபிட்டராக இருக்க, இவர்கள் கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

பட்டம் கிடைத்தது. மில்லில் கேட்டார்கள் என்று ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தொண்ணூற்று இரண்டில் நூல் விற்பனை படுத்தது. பால்பாண்டி இருந்த மில்லில் டீமைக் கலைத்தார்கள். அதோடு நிற்காமல், விளையாட்டுக்காக எடுத்தவர்கள், வேறு வேலை தெரியாதவர்கள் என்று சொல்லி அத்தனை ஆட்டக்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பால்பாண்டி நேரே கபீர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏலே கபீரு, எங்களால மில்லுக்குப் பிரயோசனம் இல்லன்னு எழுதிக் குடுத்தியாமே?"

"அப்படி எழுதலை மாப்ள. உள்ள வா."

"ஆபீஸர் வாசிச்சே காமிச்சுட்டாருல்ல. உன்னைய மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனது நான்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். கபீரின் மனைவி ஹாஜரா கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

மறுநாள் கபீர் மில்லுக்குப் போனார். ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது பார்க்கிற பெர்சனெல் ஆபீஸர் அழகியமணவாளன் மரியாதையாகவே பேசினார். "நீங்க எழுதினதுதானே சார்? நாங்க ஒரு வரி சேக்கலையே."

உண்மைதான். ஒரு வரியும் சேர்க்கவில்லை. நாலாம் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீடு வரும்வரை கபீருக்கு மனசில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த அத்தியாயத்தில் பிழை இருந்திருந்தால் திருத்திவிடலாம். பிழை இல்லையே.

தொழிற்சங்கம் வழக்குக் கொண்டுபோனது. தொழிலாளர் அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை வைத்தார்கள். சங்கத்தின் பக்கம் சாட்சி சொல்லக் கபீரே வலியப் போனார். கல்லூரி நிர்வாகத்தில் மில்லுக்கு வேண்டியவர்கள் உண்டு. துறைத்தலைவர் பதவி அந்த வருஷம் அவருக்கு வர வேண்டியது. ஹாஜரா அதைச் சொன்னாள். "தெரியும்" என்றார்.

மில் தரப்பில் வந்திருந்த அழகியமணவாளன் கேட்டார்: "டீமால மில்லுக்கு லாபமில்லைன்னு எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமா. இன்னைக்கும் அதையேதான் சொல்வேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா இவங்களுக்கு வேலை தெரியாதுங்கறதுக்குக் காரணம் இவங்க இல்ல. பழக விடாதது மில். அடுத்த அத்தியாயத்துல ஒவ்வொருத்தரையும் எந்த வேலையில போட்டாங்கன்னு இருக்கு. மில் ஆபீஸ் குடுத்த விவரம்தான். அதையும் வாசிக்கச் சொல்லுங்க."

அதிகாரி வாசிக்கச் சொன்னார். வாசிக்க நேரம் பிடித்தது. இரண்டு மாதம் கழித்துச் சமரசம் ஆனது. ஆட்டக்காரர்களைத் திரும்ப எடுத்து, மிஷின் வேலை பழக்கிக் கொடுக்க மில் ஒப்புக்கொண்டது. டீம் வேண்டும் என்று சங்கமும் கேட்கவில்லை, கபீரும் கேட்கவில்லை. துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

பால்பாண்டி ஒரு வருஷம் கழித்துத்தான் பேச வந்தார். பஞ்சு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில், கையில் கிரீஸ் கறையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"வேலை படிஞ்சிருச்சு. சாயங்காலம் ஆனா மட்டும் என்ன செய்யன்னு தெரியமாட்டேங்குது."

கபீர் கல்லூரியில் அனுமதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வலை கட்டினார். பழைய ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் வந்தார்கள். பால்பாண்டியும் சில வாரம் வந்தார். பிறகு அவருக்கு ஞாயிறு ஷிப்ட் விழுந்தது.