நாடகத்தில் வந்தது யார் கதை?

அன்னக்கொடிக்கு அந்த நாடகத்தின் மேல் அப்படியொரு ஆத்திரம். ஆனாலும் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டவளில்லை.

ஒத்தக்கடையில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் அஸ்வினி. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை அரைநாள் லீவு. அவள் வீட்டில் சுவரை அடைத்து ஒரு டிவி மாட்டியிருந்ததால், மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருப் பெண்கள் அங்கே கூடிவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் நெட்டில் வருகிற நாடகம் அது; எண்பதுகளில் நடக்கிற ஓர் ஆபீஸ் கதை. ஆபீஸ் நிறைய ஆண்கள், நாலே நாலு பெண்கள், அவர்களை ஆட்டிவைக்க ஒரு மேனேஜர். அவன் தலை தெரிய வேண்டியதுதான், "எடுபட்ட பய, வந்துட்டான் பாரு" என்று மில் வேலைக்குப் போய்வந்த இருளாயி ஆரம்பிப்பாள். ஜவுளிக்கடையில் காலமெல்லாம் சேலை விரித்துக் காட்டிய சாரதாம்பாள், "இவன் வெளங்குவானா?" என்று கூடச் சேர்ந்துகொள்வாள். திட்டித் தீர்த்துவிட்டு எழுந்தால் எல்லாருக்கும் உடம்பு லேசானது போல இருக்கும்.

அஸ்வினி மட்டும் சிரிப்பாள். "ரொம்ப ஓவராக் காட்டுறாங்க அத்தே. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?"

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அன்னக்கொடிக்கா தெரியாது!

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் அன்னக்கொடி. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய சூட்டோடு சிம்மக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் சேர்ந்தாள். அவள் ஊரிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, பஸ் போன பிறகும் அங்கேயே நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்புட்டுப் பெருமை அவருக்கு.

அந்த ஆபீஸில் பெண்கள் கக்கூஸுக்குப் பூட்டு உண்டு. சாவி மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். போய்க் கேட்டால், "எதுக்கு?" என்பான். ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னால்தான் சாவி. சொல்லும்போது ஆண்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். அதனால் அன்னக்கொடியும் பக்கத்து மேசை ஒச்சாயியும் ஆபீஸில் தண்ணீரே குடிப்பதில்லை. அப்படியும் ஒருநாள் அவள் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது. மேனேஜர் சாவியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே டெலிபோனில் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். பொறுக்க முடியாமல் அவள் வெளியே ஓடினாள். படிக்கட்டிலேயே சேலை நனைந்துபோனது. பார்த்தவள், பின்னாலேயே ஓடிவந்த ஒச்சாயி ஒருத்திதான்.

மறுநாளிலிருந்து அன்னக்கொடி வேலைக்குப் போகவில்லை. விரல் வலிக்கிறது, டைப் அடிக்க முடியவில்லை என்று வீட்டில் சொன்னாள். பெண் பார்க்க வந்த மலையாண்டியிடமும் அதையேதான் சொன்னாள். இன்று புருஷனும் பெண்டாட்டியும் ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அந்தப் பொய் மட்டும் அப்படியே நிற்கிறது.

போன சனிக்கிழமை நாடகம் முடிகிற நேரம், திரையில் மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாவி தொங்கியது. அடுத்த வாரம் என்று காட்டிய துண்டில், கதாநாயகி அவன் முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அன்னக்கொடி பார்த்தது தன்னையேதான். இது வெளியே போயிருந்தால் ஒச்சாயி வாயிலிருந்துதான் போயிருக்க வேண்டும். அவள் மகள் மெட்ராஸில் சினிமாவில் அல்லவா வேலை பார்க்கிறாள்! வீட்டுக்குப் போனதும் போனைப் போட்டாள்.

"ஏன்டி, ஒம்மககிட்டச் சொல்லி என் மானத்த டிவியில ஏத்திட்டியேடி!"

"ஒன்னையப் பத்தி ஒரு வார்த்த சொல்லலடி. அவ இந்த நாடகத்துல வேலையே பாக்கல. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

அன்னக்கொடி கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க ஒச்சாயி அழைத்தாள், இவள் எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. போகாமல் இருந்துவிடலாமா? போகாவிட்டால், அன்னக்கொடியை ஏன் காணோம் என்று ஒருத்தி கேட்பாள், நாலு பேர் யோசிப்பார்கள். தெருவில் அந்தக் காலத்திலேயே ஆபீஸில் வேலை பார்த்தவள் அவள் மட்டும்தானே! போய்க் கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

கதாநாயகி சாவி கேட்டாள். மேனேஜர், "எதுக்கு? சத்தமாச் சொல்லு" என்றான். கூடத்தில் ஒரு வசவு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நிறுத்துத்தா அஸ்வினி!" என்று எழுந்துவிட்டாள் சாரதாம்பாள். "இது எங்க கடைக் கதை. கக்கூஸ் போறதுன்னா சூப்பர்வைசர்ட்ட, எம்புட்டு நேரமாகும்னு அத்தன கஸ்டமர் முன்னாடி சொல்லிட்டுத்தான் போகணும். என் தங்கச்சிதான் எங்கயோ ஒளறிட்டான்னு போன வாரம் அவகூடச் சண்ட போட்டுட்டேன்."

"ஆத்தாடி, இது எங்க மில்லுக் கதையாச்சே!" என்றாள் இருளாயி. "கக்கூஸுக்குப் போறதுக்குப் பித்தள டோக்கன் ஒண்ணு குடுப்பாங்க. ஷிப்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் ஒரே டோக்கன்."

ரிமோட்டால் படத்தை நிறுத்திவைத்திருந்த அஸ்வினி சிரிக்கவில்லை. ஆபீஸ் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். காலையில் கொண்டுபோனது அப்படியே இருந்தது. "எங்க மாடியில லேடீஸுக்கு டாய்லெட் இல்ல அத்தே. கீழ்க் கடையில போய்க் கேக்கணும். அங்க நிக்கிறவன் ஒரு மாதிரி சிரிப்பான். அதான் குடிக்கிறதில்ல."

அன்னக்கொடியும் சொல்லிவிட்டாள். சாவி, டெலிபோன், படிக்கட்டு, நனைந்த சேலை, விரல் வலி என்ற பொய், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அவர்களும் அழுதார்கள்.

"அதுக்காக விரல் வலின்னு சொன்னியா?" என்றாள் இருளாயி.

"பின்ன? இன்னைக்கும் கடையில எங்க வீட்டுக்காரரு ஒத்த விரலால எழுத்துத் தேடித் தேடித் தட்டுறாரு. ஹையர் பாஸானவ நான், பக்கத்துல நின்னு பல்லக் கடிச்சுக்கிட்டு வேடிக்க பாக்குறேன்!"

கூடமே சிரிப்பில் உருண்டது. அன்னக்கொடியும் சிரித்தாள். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தது இம்புட்டுத்தானா என்று இருந்தது. அப்புறம்தான் ஒச்சாயி நினைவு வந்து சுருக்கென்றது. உடனே போன் செய்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா நெனச்சுட்டேன் ஒச்சாயி. இங்க ஒவ்வொருத்தியும் எங்கதைதான்னு அடிச்சுக்கிறாளுக."

"வாரம் பூரா அதச் சொல்லத்தான்டி போன் அடிச்சேன். அந்தப் படிக்கட்டுல ஒனக்கு முந்தியே எனக்கு ஆச்சு. நீ வேலைக்குச் சேரல அப்ப."

"பாவி மகளே, எங்கிட்டகூட ஏன்டி சொல்லல?"

"நீயும் சிரிச்சுட்டீன்னா?"

"கெளம்பி வாடி" என்றாள் அன்னக்கொடி. "இன்னும் பாதி நாடகம் கெடக்கு."

"வாரேன். பசுமலையிலருந்து பஸ் பிடிச்சு வரணும்டி, நேரமாகும்."

"ஆகட்டும்."

மேனேஜர் திரையில் வாயைத் திறந்தபடி நின்றான். ஒச்சாயி வந்து நடுவில் உட்காரும்வரை அவனை யாரும் பேசவிடவில்லை.