பந்திக்கு முந்தின நாள்

அழைப்பு மணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்து நிற்கிறார் குழாய்க்காரர். தலையைப் படிய வாரியிருக்கிறார். சட்டையை உள்ளே விட்டிருக்கிறார். கால்சட்டைப் பை மட்டும் ஒரு பக்கமாகத் தொங்குகிறது, உள்ளே ஸ்பானர். கதவைத் திறந்த டீச்சர், "நான் கூப்பிடலையே, குழாயெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்கிறார்.

"குழாய்க்கு வரல டீச்சர். ஒரு மாசமா உங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிடுங்க."

"என்னையா? எதுக்கு?"

"அது எதுக்கு டீச்சர் இப்போ?"

"சொல்லிட்டுப் போங்க."

சொல்கிறார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அடைப்பெடுத்த அன்று டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாராம். "உங்க வீட்டு அழுக்குதானே டீச்சர்? என்னமோ நான் என் வீட்டுலேர்ந்து கொண்டாந்த மாதிரி பார்த்தீங்க." டீச்சருக்குச் சுருக்கென்று வருகிறது. மூக்கு தன்னுடையது, பொத்துவதும் பொத்தாததும் தன் இஷ்டம் என்கிறார். குரல்கள் ஏறி, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் புதிதாக ஒரு சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க மறுபடி போய் நிற்கிறார். டீச்சர் கும்பிட்டுவிடுகிறார். "அடுத்த மாசம் திட்டினா உங்களோடயே வச்சுக்கோங்க. வீடு தேடிக் கொண்டுவந்து குடுக்காதீங்க."

மாதத்தின் முதல் ஞாயிறு அவருடைய சபையில் திருவிருந்துப் பந்தி. அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகிறவர்கள் முந்தின நாளே மனதை ஆயத்தப்படுத்த வேண்டும், யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் போய்ச் சரிசெய்துவிட்டு வர வேண்டும் என்று போதகர் சொல்வார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். தலையாட்டியதோடு நில்லாமல் எழுந்து போகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஏன் என்று கேட்டால் தொழிலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவார். "குழாய் மாட்டறதுக்கு முன்னாடி திருகுற மரையைத் துடைக்கணும் சார். அழுக்கோட திருகினா, மாட்டின மாதிரிதான் இருக்கும். அப்புறம் சொட்டிக்கிட்டே கிடக்கும்."

போதகரையும் அவர் விட்டுவைக்கவில்லை. "அய்யா, போன வாரம் பிரசங்கத்துல தூங்கிட்டேன், மன்னிக்கணும். பாதித் தப்பு என்னோடது." மீதிப் பாதி யாருடையது என்று போதகர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சபையார் சந்தோஷப்பட்டார்கள்.

நான் அடுத்த வீட்டுக்காரன். சபைக்காரன் அல்ல, ஆனாலும் முறை என்று ஒன்று வருமே. "உங்கள மகா கஞ்சன்னு நெனச்சுட்டேன் சார். வாஷர் மாத்தணும்னு சொன்னா, நூலைச் சுத்திவிடுன்னீங்க." இறக்கி வைத்துவிட்டு லேசாகப் போய்விட்டார். சுமந்தவன் நான். இன்றைக்கும் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த 'மகா' உறுத்துகிறது.

ஸ்பானர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது அது நழுவித் தரையில் 'டங்' என்று விழும். பின்வரிசைக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடுவார்களாம். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ரப்பர் வாஷர்கள். "வீட்டுல வச்சிட்டு வாங்களேன்" என்று மனைவி சொன்னால், "இது இல்லாம நடந்தா ஒரு பக்கம் சாயுதுடி" என்பார்.

இப்படிப்பட்டவர் நாலைந்து மாதமாகப் பந்திக்கு எழுந்து போகவில்லை. மற்றவர்கள் வரிசையில் நகர, இவர் மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. வினை மச்சான் வீட்டில் இருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் வீட்டுக் குளியலறையில் பெரிய அடைப்பு வந்தபோது வேறொரு குழாய்க்காரரைக் கூப்பிட்டு அடைப்பெடுத்து, குழாயையும் மாற்றிக்கொண்டார். "ஊருக்கெல்லாம் நான் வேணும், என் மச்சானுக்கு வேற ஆள் வேணுமா?" என்று அன்றைக்கே அவரோடு பேச்சை நிறுத்தியவர், பிறகு மச்சான் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது. மனைவி தனியாகவே அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். தனியாகவே பந்திக்கும் போய்வந்தாள். "தெருத் தெருவா மன்னிப்பு கேக்குறீங்க, எங்கண்ணன் வீட்டுக்கு மட்டும் வழி தெரியாதா?" என்று அவள் கேட்டபோது, குழாய்க்காரர் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை மனைவியோடு என் வாசலில் வந்து நின்றார். "சார், கூட வாங்க. வெளியாள் இருந்தா என் நாக்கு கொஞ்சம் அடங்கும்." வழியெல்லாம் ஒத்திகை. "மச்சான், நீங்க வேற ஆளக் கூப்பிட்டது பெரிய தப்பு. ஆனாலும் நான் மனசுல வச்சுக்கல..."

"மன்னிப்பு கேக்கப் போறீங்களா, குடுக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு ஒத்திகை நின்றுவிட்டது.

மச்சான் கைத்தடியை ஊன்றி எழுந்து, "வாங்க மாப்பிள்ளை" என்றார். அத்தனை மாதம் வராதவரை நேற்று வந்துபோனவர் போலத்தான் வரவேற்றார். உட்கார்ந்தோம். குளியலறைப் பக்கமிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. சொட். சொட். சொட்.

குழாய்க்காரரின் காது நிமிர்ந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் பரவ ஆரம்பித்தது. பிறந்தநாள் பிள்ளையின் முகத்தில்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்த இன்னொரு ஆள் மாட்டிய குழாய்! வாயைத் திறந்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கால் உடைஞ்சு கிடந்தப்போ வரல மச்சான். பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன் என்னக் கூப்பிடல?"

மச்சான் கைத்தடியின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அடைப்பு எடுத்த நாத்தம் தெரு முனை வரைக்கும் அடிச்சுது மாப்பிள்ளை. என் தங்கச்சி புருஷன் என் வீட்டுக் கக்கூஸ்ல கைய விடறதா? எனக்குக் கூசுச்சு. அதச் சொல்லவும் கூச்சமா இருந்துச்சு."

அந்த வெளிச்சம் குழாய்க்காரரின் முகத்திலிருந்து இறங்கிப்போனது. தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாளாக வந்த நான் இதற்கெல்லாம் கலங்கலாமா என்று கூரையைப் பார்த்தேன். சொட். சொட்.

"கொஞ்சம் கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு 'டங்' என்று ஒன்று விழுந்தது. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். சற்று நேரத்தில் சொட்டுச் சத்தம் நின்றது. வீடு அதற்கு முன் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்பது மச்சானின் முகத்திலேயே தெரிந்தது.

திரும்பி வந்தவரின் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஈரக் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலிருந்த மின்விசிறியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"குழாய் நல்லாத்தான் மாட்டியிருக்கான் மச்சான், அந்த ஆளு."

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். குழாய்க்காரர் பின்னாலிருந்து கைகளை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார்.