மலையில கூப்பிட்ட பேர்

என்ர மனுசனை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கட பக்கத்தில ஆர்தான் கூப்பிட்டது? "இஞ்சாருங்கோ" எண்டால் அவர். குசினிக்குள்ள நிண்டு சொன்னாலும் அவர்தான், பஸ்ஸுக்குள்ள சனத்துக்கு நடுவில சொன்னாலும் அவர்தான். டொக்டரிட்டைப் போய்ப் பேர் கேட்டால் ஹெல்த் காட்டைத்தான் நீட்டுவன். மகள் சின்னனில, பள்ளிக்கூடத்தில தேப்பன்ர பேர் கேக்க, "இஞ்சாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வந்தவள். ரீச்சர் அதை எழுதி எடுக்கப் பட்ட பாடு! அதைச் சொல்லிச் சொல்லி அவர் எத்தினை கலியாண வீட்டில சனத்தைச் சிரிக்க வைச்சிருப்பார்.

நான் கூப்பிட்டால் அவர் சொல்லுறதும் ஒண்டுதான். "ம், சொல்லும்." பேப்பரில இருந்து கண்ணை எடுக்கமாட்டார், ஆனால் சொல்லுவார். சண்டை பிடிச்சு முகம் பாக்காமல் இருந்த நாளிலயும் சொன்னவர்.

மறதி வருத்தம் வந்து எல்லாம் ஒவ்வொண்டாய்ப் போகத் தொடங்கினபோது நான் இந்த ஒண்டைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தன். மகளின்ர கலியாணத்தை மறந்தார். வேலை செய்த இடத்தை மறந்தார். கலியாணம் கட்டி இஞ்ச ரொறன்ரோவில முதல்முதல் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்றையும் மறந்தார். போகட்டும். "இஞ்சாருங்கோ" எண்டால் "ம், சொல்லும்" எண்டு வருதே, எனக்கு அது காணும். டொக்டர் சொன்னவர், கிட்டடியில நடந்ததுதான் முதல் அழியும், பழசு கடைசியாய்த்தான் போகும் எண்டு. அப்ப நான் பழசோ புதுசோ எண்டு டொக்டரிட்டைக் கேக்க எனக்குத் துணிவு வரேல்லை.

கனடாவுக்கு வர முதல் அவர் சிசிலித் தீவில நாலைஞ்சு வருசம் இருந்தவர். அந்தக் காலத்தில எங்கட பெடியள் கனபேர் அப்பிடித்தான், போற வழியில எங்கையாவது அடைபட்டு நிண்டவை. இவர் ஒரு மலை உச்சியில இருக்கிற பழைய ஊரில ஒரு கிழவனைப் பாத்துக்கொண்டு இருந்தவர். பேக்கரியில பாண் வாங்கிக் குடுக்கிறது, குளிக்க வாக்கிறது, ஞாயிற்றுக்கிழமையில கையைப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது. என்னை அவருக்குத் தெரியாத காலம் அது. எங்களுக்குக் கலியாணம் பேசினதும் கட்டினதும் அவர் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

போன மாரியில ஒரு பின்னேரம் ஆளைக் காணேல்லை. நான் பைத்தியக்காரி மாதிரிக் கீழ றோட்டுக்கு ஓடித் தேடுறன், அவர் எண்டால் எங்கட டோர்செட் பார்க் கட்டிடத்தின்ர ஆகக் கடைசி மாடியில ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிண்டிருக்கிறார். கையில ஒரு இறாத்தல் பாண். கிழவனுக்குக் கொண்டந்தவராம். அந்த வீட்டு மனுசி நல்லவா, கூட்டிக்கொண்டு வந்து விட்டா. அண்டைக்குச் சோத்தைப் போட்டுவைச்சிட்டு "இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ" எண்டு கூப்பிட்டன். சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தார். திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் "ம்" எண்டார். "சொல்லும்" வரேல்லை.

எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. இந்த மனுசன்ர மனம் அந்த மலையில போய்க் கிடக்குது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் ஆசை தீர்ந்து என்னட்டைத் திரும்பி வந்திடும் எண்டு நினைச்சன். மகள் மல்வேர்ன் வீட்டில இருந்து ஓடி வந்து வேண்டாம் எண்டு நிண்டாள். "அம்மா, திஸ் இஸ் கிரேஸி. அப்பாவுக்கு இன்னும் கன்ஃபியூஸ் ஆகும்."

"நீ சும்மா இரு. கொப்பர் ஆரெண்டு உன்னை விட எனக்குத் தெரியும்" எண்டன். பிடிச்சால் பிடிச்ச பிடிதான் நான். கடைசியில அவளும் லீவு எடுத்துக்கொண்டு எங்களோட வந்தாள்.

அந்த மலை ஊர் வடிவுதான், இல்லையெண்டு சொல்லேலாது. வளைஞ்சு வளைஞ்சு ஏறுற றோட்டு, கீழ கடல், உச்சியில கல்லால கட்டின பெரிய வாசல். அதுக்குள்ள வாகனம் போகாது. மகள் எங்களை வாசலடியில இறக்கிப்போட்டு, "ரெண்டு பேரும் இதிலயே நில்லுங்கோ" எண்டு சொல்லிக் கார் விடப் போனாள். ஆர் நிண்டது? அவர் என்ர கையை உதறிப்போட்டு உள்ள நடந்தார்.

வீட்டில குளிக்கப் போறதுக்கே சுவரைப் பிடிக்கிற மனுசன். தேஞ்சு மினுங்கிற கல்லுத் தெரு, எல்லாம் ஏத்தம், நான் சறுக்கிச் சறுக்கிப் பின்னால ஓடுறன். அவர் இந்த முடுக்கில திரும்புறார், அந்தப் படியில ஏறுறார், ஒரு இடத்திலயும் நிண்டு யோசிக்கேல்லை. வாதுமை இனிப்பு விக்கிற கடை வாசலில நிண்ட மனுசிக்கு "போன் ஜோர்னோ" எண்டு கையைத் தூக்கினார். அவ ஏதோ கேட்டா. இவர் கடகடவெண்டு இத்தாலியனில மறுமொழி சொல்லுறார்! ரெண்டு பேரும் சிரிக்கினம். மாதாவே, என்ர மனுசன் திரும்பி வந்திட்டார் எண்டு நடுத்தெருவில நிண்டு சிலுவை போட்டன். அதோட விட்டனோ? மகளுக்குப் போனில கோல் எடுத்து, "பாத்தியே? நான் சொன்னன், நீ கேட்டனியே?" எண்டு கத்தினன். வாய் அடங்கினால்தானே எனக்கு.

போனை ஹாண்ட்பாக்குக்குள்ள வைச்சுப்போட்டு நிமிர்ந்தால் தெருவைக் காணேல்லை. அந்த மலையில முகில் ஊருக்குள்ளயே இறங்கி வரும் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது? முன்னுக்கு ஒரு சாண் தெரியேல்லை. அவரையும் காணேல்லை.

"இஞ்சாருங்கோ!" சத்தம் போட்டன். "இஞ்சாருங்கோ! எங்கை நிக்கிறியள்?"

எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் கல்லு, எல்லா முடுக்கும் ஒண்டு மாதிரி. ஊர் பாக்க வந்த வெள்ளையள் ரெண்டு பேர் என்னை விலத்திக்கொண்டு போச்சினம். ஒரு வீட்டுக்காரன் கதவைத் திறந்து வந்து ஏதோ கேட்டான். பேர் என்ன எண்டு கேக்கிறான், அது விளங்கிச்சுது. "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" எண்டன். பேர் வாய்க்குள்ள நிக்குது, வெளியில வருகுதில்லை. கோதாரி விழுந்த நாக்கு! மனுசன் எந்தப் பள்ளத்தில விழுந்து கிடக்கிறாரோ, எனக்கு அந்த நேரத்திலயும் வெக்கம்.

ஒரு படிக்கட்டு ஏறினால் முடிவில ஒரு பச்சைக் கதவு. அவர் அதைத் தட்டிக்கொண்டு நிக்கிறார். எனக்குப் போன உயிர் வந்துது. கிட்டப் போய் "இஞ்சாருங்கோ" எண்டன். திரும்பேல்லை. காது கேக்காத தூரமில்லை, கையை நீட்டினால் தோள். "இஞ்சாருங்கோப்பா, நான்தான்." அவர் கதவைத் தட்டுறார்.

அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. இந்தப் படியில நிக்கிற பெடியனை ஒருத்தியும் இஞ்சாருங்கோ எண்டு கூப்பிட்டதில்லை. இவனுக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை.

சுவரைப் பிடிச்சுக்கொண்டு, தாய் தேப்பன் அவருக்கு ஞானஸ்நானத்தில வைச்ச பேரை, முதல்தரம் வாயைத் திறந்து சொன்னன்.

உடன திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! நீங்கள் எங்கட ஆக்களோ? என்ர பேர் எப்பிடித் தெரியும்?"

என்னிலும் மூத்த மனுசன் என்னை அக்கா எண்டார். நிக்கேலாமல் சுவரோட சாஞ்சன். "களைச்சுப் போனியள், இதில இருங்கோ" எண்டு சொல்லித் தன்ர ஜக்கெற்றைக் கழட்டி ஈரப்படியில விரிச்சார். எனக்கு ஒருநாளும் அப்பிடி விரிச்சதில்லை. இந்த மலையில தமிழ் கேட்டு எவ்வளவு காலம் எண்டு சந்தோசப்பட்டார். பேந்து எனக்குப் பின்னால எட்டிப் பாத்தார்.

"அத்தான் வரேல்லையோ அக்கா?"

"பின்னால வாறார்" எண்டன்.

மகள் தேடிப் பிடிச்சு வருமட்டும் அந்தப் படியில இருந்து அழுதன். அவர் பாவம், அத்தானைக் காணேல்லையெண்டு முடுக்கடி வரைக்கும் போய்ப் போய்ப் பாத்துக்கொண்டு வந்தார். பச்சைக் கதவை ஒருத்தரும் திறக்கேல்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். திரும்பி வந்து டோர்செட் பார்க்கில இருக்கிறம். மகள் என்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஏசியிருந்தால் சுகமாய் இருந்திருக்கும். இஞ்சாருங்கோ எண்டால் அவர் இப்ப திரும்புறதே இல்லை, பேரைச் சொன்னால்தான் திரும்புறார். அதால சொல்லுறன். குளிக்க வாரும், மருந்து குடியும் எண்டு விடிஞ்சால் பொழுதுபட்டால் அந்தப் பேர்தான். முதல் கூசின நாக்கு இப்ப கூசுறதுமில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு வயிறு எரியுது. "ஓம் அக்கா" எண்டு உடன எழும்பி வாறார். இத்தினை வருசத்தில அந்த மனுசன் ஒருக்காலும் இப்பிடி என்ர சொல்வழி கேட்டதில்லை.

சாப்பிடேக்க மீன் பொரியலில பாதியைக் சாப்பாட்டுக் கோப்பைக்கரையில ஒதுக்கி வைப்பார். "அத்தானுக்கு" எண்டுவார். "இன்னும் வரேல்லையோ?" ஷிஃப்ட் முடியேல்லை எண்டுவன். பஸ் பிந்துது எண்டுவன். சினோ கொட்டுது எண்டுவன். மகள் வந்து நிண்டால் எழும்பி மற்ற அறைக்குள்ள போயிடுவாள்.

போன கிழமை எனக்கு ஏலாமல் போச்சுது. வழமைபோல மீனை ஒதுக்கிப்போட்டு, "அத்தான் எங்கை அக்கா?" எண்டார்.

"அத்தான் இனி வரமாட்டார்" எண்டன். கோபத்திலதான் சொன்னன், சத்தமாய்த்தான் சொன்னன்.

அவர் கையைச் சோத்தில வைச்சபடி என்னை வடிவாய்ப் பாத்தார். கனநேரம் பாத்தார். ஏதோ வரப்போகுது எண்டு நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஆரும் கேட்டிடுவினம் எண்டு பயந்தவள் மாதிரி, மெல்லமாய், "இஞ்சாருங்கோ" எண்டும் ஒருக்காச் சொல்லிப் பாத்தன்.

அவர் குனிஞ்சு, ஒதுக்கி வைச்ச மீன் துண்டைத் தன்ர பக்கம் இழுத்தார்.

"அப்ப நான் சாப்பிடட்டோ அக்கா?"

"சாப்பிடுங்கோ" எண்டன். முள்ளுக் கிடக்கும். பக்கத்தில இருந்து எடுத்து எடுத்துக் குடுத்தன்.