கொழுப்புப் பார்க்கிறவர்

காரிமங்கலம் பக்கத்து பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்ப்பவர் அவர். ஒல்லி உடம்பு, காதில் செருகிய பேனா. பாலை ஊற்றுகிறவரின் முகத்தை முதலில் பார்ப்பார், கருவியெல்லாம் அப்புறம்தான்.

என் எடை குறையாவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். "கொழுப்பு கம்மியா அரை லிட்டர் குடுங்க" என்றேன்.

"அதைத்தாங்க இப்பத்தான் திட்டித் திருப்பி அனுப்புனேன். அந்த ஆளு உங்களுக்காகத்தான் தண்ணி ஊத்தியிருக்காரு போல!"

வரிசையே சிரித்தது.

"டீயோட என்னங்க சாப்புடுவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

என் முகத்தையே பார்த்தார். "ரெண்டு போண்டாங்களா?"

இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த இரண்டையும் எந்தக் கருவியும் இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.